மரச்சீனித் தோட்டங்களின் சத்துக்குறையைக் கண்டறிய ஏற்பாடு வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மரச்சீனி விவசாயிகள் சங்கம்,
காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள்.

பெறுநர்
முதன்மை வேளாண்மை அலுவலர் அவர்கள்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

நகல்: இயக்குநர், மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீகாரியம்.

பொருள்: மண், இலைப் பரிசோதனை வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

எங்கள் ஊர்களில் மரச்சீனி இலை மஞ்சளித்தால், குறை என்னவென்று தெரியாமலே இன்னொரு மூட்டை உரம் வாங்கிப் போடுகிறோம்.

அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம் குறைவு. அடி இலையின் ஓரம் மஞ்சளித்துக் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. கொழுந்து சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கிடையே வெளிறினால் துத்தநாகக் குறைவு. தேமல் நோய் வேறு: இலை திட்டுத் திட்டாக மஞ்சளித்துக் கோணலாகும். வெள்ளை ஈயும் நோயுள்ள நடவுக்கம்பும் பரப்பும் வைரஸால் வருவதால் அது உரத்துக்கு அடங்காது.

கடையில் எளிதாகக் கிடைப்பது 20:20:0:13 உரம். அதில் சாம்பல் சத்தே இல்லை. உயர்விளைச்சல் இரகங்களுக்கு ஸ்ரீகாரியம் நிலையத்தின் பரிந்துரையோ ஹெக்டேருக்கு 100:50:100 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. தழைச்சத்து எவ்வளவோ அவ்வளவு சாம்பல் சத்தும் வேண்டும். அதற்காகச் சாம்பல் சத்து தரும் பொட்டாஷை மட்டும் கூட்டினாலும் மக்னீசியக் குறை முற்றிவிடும்.

எங்கள் நிலம் அமிலத்தன்மையுள்ள சரளைச் செம்மண். பெருமழை மக்னீசியத்தையும் போரானையும் கரைத்துக்கொண்டு போகிறது. ஆனால் 2015இல் தொடங்கிய தேசிய மண்வள அட்டையின் 12 பரிசோதனை இனங்களில் மக்னீசியம் இல்லை. எங்கள் மண்ணில் அதிகம் குறைவது எதுவோ, அதற்கு அட்டையில் இடமில்லை.

ஆகவே நாங்கள் கோருவது:

1. ஏப்ரல்–மே நடவுக்கான மண் மாதிரியை பிப்ரவரியிலேயே எடுத்து, கம்பு நடும் முன் முடிவைத் தர வேண்டும். 12 இனங்களோடு மக்னீசியம், கால்சியம் அளவும் அதில் இருக்க வேண்டும்.

2. நட்ட மூன்று, நான்கு மாதத்தில், முழுதாக விரிந்த இளம் இலையைக் காம்பு நீக்கிப் பரிசோதிக்க வசதி வேண்டும்.

3. 1963 முதல் நம் மாவட்டத்திலேயே இயங்கும் ஸ்ரீகாரியம் நிலையத்தின் விஞ்ஞானிகள், பருவத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கே வந்து முகாம் நடத்த வேண்டும்.

4. பரிசோதனை முடிவின்படி சுண்ணாம்பு, பொட்டாஷ், மக்னீசியம் சல்பேட், துத்தநாக சல்பேட் ஆகியவற்றையும் நோயற்ற கம்பையும் கிருஷி பவன்கள் வழியாக மானிய விலையில் வழங்க வேண்டும்.

5. பரிசோதனை அட்டையும், குறைகளை வண்ணப் படத்தோடு விளக்கும் கையேடும் தமிழிலும் வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு தரும் உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் அளிக்கிறோம். மரச்சீனி மண்ணில் கிடப்பது ஒன்பது, பத்து மாதம். நடவில் நேர்ந்த தவறு கிழங்கு பிடுங்கும்போதுதான் தெரியும்; அப்போது திருத்த வழியில்லை. எனவே அடுத்த நடவுக்கு முன்பே உரிய உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்.

இடம்: காட்டாக்கடை