விருதா, வியாபாரமா?

மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியிலே ஒரு பாறை இருக்கிறது. ஐந்து ரதங்களைக் காண வரும் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாறையிலே சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், இன்னும் சிலர். பல்லவர் காலத்துக் கல்தச்சர்களின் பெயர்கள் என்று ஆராய்ந்தோர் கருதுகிறார்கள். மன்னன் மாலை சூட்டினானோ இல்லையோ, உழைத்தவன் தன் பெயரைத் தானே வெட்டி வைத்துவிட்டுப் போனான். அதற்கு எவருக்கும் கட்டணம் கட்டியிருக்க மாட்டான்!

இன்று அதே செங்கற்பட்டு மாவட்டத்திலே, சிறுசேரியிலும் நாவலூரிலும், கண்ணாடி மாளிகைகளுக்குள்ளே வேறுவிதமான தச்சர்கள் இருக்கிறார்கள். கல்லுக்குப் பதில் திரை. உளிக்குப் பதில் விசைப்பலகை. கண் எரிய எரிய இணையதளம் செதுக்கும் இவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். இந்தத் தொழிலுக்கும் உலகிலே விருதுகள் உண்டு. 1996-லே அமெரிக்காவிலே தொடங்கிய வெப்பி விருது ஒன்று. 2009-லே ஸ்பெயினிலே தொடங்கிய ஆவ்வேர்ட்ஸ் மற்றொன்று. பெயரைக் கேட்டாலே பிரமிப்பு! ஆனால் அந்த மண்டபங்களின் வாயிலிலே முதலில் நிற்பவர் நடுவர் அல்ல, காசாளர். படைப்பை அனுப்ப வேண்டுமா? பணத்தையும் சேர்த்து அனுப்பு!

நடத்துவதற்குச் செலவாகாதா என்பார்கள். ஆகும், மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டியவன் மட்டுமே பந்தயத்திலே ஓடலாம் என்றால், வென்றவனைப் "பணம் கட்டியவர்களிலே சிறந்தவன்" என்று சொல்லுங்கள். "உலகிலேயே சிறந்தவன்" என்று ஏன் பறைசாற்ற வேண்டும்? பத்துப் படைப்புக்குப் பணம் கட்டும் பெரிய கம்பெனியும், வாடகை அறையிலே இருவராய் உழைக்கும் இளைஞர்களும் ஒரே தராசிலா நிற்கிறார்கள்? பொதுமக்கள் வாக்கு என்றொரு பிரிவும் வெப்பியிலே உண்டு. அங்கே, ஆள் திரட்ட வசதி உள்ளவன் பக்கம் வாக்குச் சாயாதா? தேர்தல் களம் கண்ட நம் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா!

(பட்டத்துக்கும் பொன்னாடைக்கும் நம் மேடைகளிலும் பஞ்சமில்லை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

மதிப்பெண் போடும் முறையைப் பாருங்கள். ஆவ்வேர்ட்ஸ் வகுத்த கணக்கிலே வடிவமைப்புக்கு 40, பயன்பாட்டுக்கு 30, புதுமைக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. சொல்ல வந்த செய்திக்கு நூற்றுக்குப் பத்துதான்! பார்வையற்றவர் அந்தத் தளத்தைப் பயன்படுத்த முடியுமா என்பதற்குத் தனி இடம் அந்த நான்கிலே இல்லை. நிரலாளருக்கென்று வைத்திருக்கும் வேறொரு பரிசிலே அதையும் பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் பெரிய பந்தியிலே இலை போடாமல், திண்ணையிலே சோறு போடுவதா?

விளைவு என்ன? வெப்எய்ம் என்ற அமைப்பு 2025-லே பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தது. நூற்றுக்கு 94.8 பக்கங்களிலே, மாற்றுத்திறனாளிகளைத் தடுக்கும் குறைபாடு ஒன்றாவது இருந்தது. அதே 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்சநீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் உரிமை என்கிறது. விருது மண்டபமோ அலங்காரத்துக்கு ஆரத்தி எடுக்கிறது!

டில்லி மட்டும் விதிவிலக்கா? 2009-லே 'வெப் ரத்னா' என்று தொடங்கி, பின்னர் 'டிஜிட்டல் இந்தியா விருது' எனப் பெயர் மாற்றினார்கள். பெரும்பாலும் பரிசு பெறுவது அரசுத் துறை. பரிசு தருவதும் அரசு. மணமகனும் நாமே, மாமனாரும் நாமே!

விருதே வேண்டாம் என்று சொல்லவில்லை நாம். உழைத்த பிள்ளையின் முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் எத்தனை பேர் பணம் கட்டினார்கள், எவ்வளவு சேர்ந்தது, தீர்ப்புச் சொன்ன நடுவர் எந்தக் கம்பெனியிலே சம்பளம் வாங்குகிறார் என்பதையெல்லாம் பரிசுப் பட்டியலோடு சேர்த்து வெளியிடட்டும். நடுவர் வரிசையிலே பார்வையற்ற ஒருவருக்கு நாற்காலி போடட்டும். அதோடு, குளிரூட்டிய அறையை விட்டு ஒரு நாள் கோவளத்துக் கடற்கரைக்கு வரட்டும். வலை உலர்த்தும் மீனவத் தோழரிடம் கண்ணாடி கீறிய பழைய கைப்பேசி ஒன்று இருக்கும். பரிசு பெற்ற தளத்தை அதிலே திறந்து காட்டட்டும். நாமும் பக்கத்திலே நின்று பார்க்கிறோம்.