படத்தொகுப்புக்கும் ஒரு பரிசு வையுங்கள்

சாலிகிராமத்து அண்ணன்மார்களுக்கும், படிப்பை முடித்துவிட்டு எடிட்டிங் அறைகளைத் தேடி அலையும் தம்பி தங்கைகளுக்கும், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வணக்கம்.

நம் ஊர்க் கல்லூரி ஒன்று நடத்திய குறும்படப் போட்டியின் பரிசுப் பட்டியலை ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு, இசை, போஸ்டருக்குக்கூடப் பரிசு இருக்கிறது. படத்தொகுப்புக்கு இல்லை. ஒரு கல்லூரிப் போட்டிக்கா இத்தனை கோபம் என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், இத்தனை கோபம்தான்.

பி. லெனின், ஸ்ரீகர் பிரசாத் போன்ற எடிட்டர்கள் வேலை செய்த ஊர் நம் சென்னை. ‘ஆடுகளம்’ படத்தின் படத்தொகுப்புக்குத் தேசிய விருது வாங்கிய கிஷோருக்கு, ‘விசாரணை’க்காக மறுபடியும் அதே விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. 2015 மார்ச்சில், நாற்பதை எட்டுவதற்குள் போய்விட்டார். அந்த ஊரில் ஒரு பிள்ளை ராத்திரி பகலாக உட்கார்ந்து, மணிக்கணக்கான ரஷஸை, அதாவது வெட்டாத மூலக் காட்சிகளை, பத்து நிமிடப் படமாக்கித் தந்தும், மேடையில் அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை என்றால் என்ன நியாயம்?

தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவன மாணவர்களுக்குத் தமிழக அரசு தரும் விருதுகளில் படத்தொகுப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2008-09 முதல் 2013-14 வரையிலான விருதுகள் கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டது 2022 செப்டம்பரில். மாணவனுக்கு விருதால் ஆகிற பெரிய பயன் ஒன்றுதான்: பெயர் தெரியாதவனை யாராவது ஒருவர் கூப்பிட்டு வேலை கொடுப்பார். பத்து வருடம் கழித்து வந்தால், அதற்குள் அவன் தானாகவே கரையேறியிருப்பான், அல்லது தொழிலையே விட்டிருப்பான்.

இங்கே 1950இல் தொடங்கிய ஏ.சி.இ. என்ற அமெரிக்க எடிட்டர்கள் அமைப்பு மாணவர்களுக்கென்றே ஒரு போட்டி வைக்கிறது. எல்லோருக்கும் ஒரே ரஷஸைக் கொடுத்துவிடுகிறார்கள். பணக்காரப் பிள்ளைக்கு நல்ல கேமரா, ஏழைப் பிள்ளைக்கு மட்டமான கேமரா என்ற பேச்சே அதில் கிடையாது. எந்த டேக்கை எடுப்பது, எங்கே வெட்டுவது, யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். இறுதிக்கு வரும் மூவரை அந்த அமைப்பின் எடி விருது விழாவுக்கு அழைத்து, பெரிய எடிட்டர்கள் உட்காரும் அதே கூடத்தில் உட்கார வைக்கிறார்கள். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்கு ஆஸ்கர் வாங்கிய ஆன் வி. கோட்ஸின் பெயரில் அந்த மாணவர் விருது தரப்படுகிறது. படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, வேலை நடக்கும் எடிட்டிங் அறைகளில் பயிற்சிக்கு அனுப்பும் திட்டமும் தனியாக உண்டு. இந்தத் தொழிலுக்கு இங்கே இருக்கும் மரியாதையைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம் பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

அங்கே போய் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் நடத்துகிறாயா என்பீர்கள். கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் டேப் ஒட்டிப் படத்தின் பெயர் எழுதுவதிலிருந்து, படமும் ஒலியும் பொருந்துகிறதா என்று சிங்க் பார்ப்பது வரை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வடபழனியில் இருந்த ஓர் அண்ணன். அவருக்குக் கைக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்தில்தான் நான் விமானம் ஏறினேன். இங்கே என் பெயர் திரையில் ஓடும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. அந்தக் கடனை அவர் அறைக்கு வரப்போகும் அடுத்த பிள்ளைக்காவது தீர்க்க வேண்டும்.

ஆகவே அண்ணன்மார்களே, நீங்கள் வேலை செய்து வெளியான படத்தில் ஒரே ஒரு காட்சியின் ரஷஸைத் தயாரிப்பாளரிடம் அனுமதி வாங்கிக் கல்லூரிகளுக்குக் கொடுங்கள். மாணவர்கள் வெட்டி அனுப்பும் காட்சிகளை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஜெயிக்கிற பிள்ளைக்குக் கேடயம் மட்டும் போதாது. உங்கள் அறையில் மூன்று மாதம், சம்பளத்தோடு, அசிஸ்டன்ட் வேலை கொடுங்கள். கல்லூரி நிர்வாகத்தாரே, அடுத்த போட்டி அறிவிப்பில் படத்தொகுப்பு என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பரிசுத் தொகையை வருடா வருடம் நான் அனுப்பி வைக்கிறேன்.