மரணத்துக்குப் பட்டுச்சேலை உடுத்துவோருக்கு

சென்ற வருடம் எங்கள் பக்கத்தில் நடந்த சிறியதோர் இலக்கியக் கூட்டத்தில், முன்பு என்னிடம் தமிழ் படித்து இப்போது உயர்தரம் எழுதக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி தன் சிறுகதையை வாசித்தாள். முஸ்லிம் பிள்ளை. தோட்ட எல்லையில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக்கடை. கதையிலே சாவு ஒரு பெண்ணாக வருகிறாள். லயத்தின் தொங்கல் காம்பராவில் தனியாகக் கிடக்கும் ஒரு கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளது தலைமுடியை வாரிவிடுகிறாள். காலில் ஒட்டிக் கிடக்கும் அட்டைகளை உப்புப் போட்டுக் கழற்றுகிறாள். பிறகு கையைப் பிடித்து நமுனுகுல மலைக்கு அப்பால் கூட்டிப் போகிறாள். அங்கே கொழுந்து நிறுக்கையில் கழிவு வெட்டுவதில்லை. பிரட்டுக்குப் பிந்தி வந்தவளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

வாசித்து முடித்ததும் இரண்டு பேர் எழுந்தார்கள். அந்த இருவரோடும் எனக்கு வழக்கு உண்டு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாமவர் ஊரில் மதிப்புள்ள பெரியவர். “உயிரைக் கைப்பற்றுவது மலக்குல் மவ்த். அதற்குச் சேலை கட்டிச் சாமியாக்கி எழுதுவது ஷிர்க் இல்லாமல் வேறென்ன? நம்ம வீட்டுப் பிள்ளை எழுதுற கதையா இது?” என்று கேட்டார். பிள்ளை முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாமவர் கொழும்பிலிருந்து வந்திருந்த இலக்கிய நண்பர். அவர் கதையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். நீல் கெய்மன் என்னும் ஆங்கில எழுத்தாளர் தமது ‘சாண்ட்மேன்’ சித்திரக்கதையில் 1989இலேயே மரணத்தைச் சிரித்த முகமுள்ள ஒரு யுவதியாக உலவ விட்டதையும், 2022இல் அது நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்ததையும் எடுத்துச் சொல்லி, “மலையகத்துக்கு இப்படி ஓர் இதமான மரணதேவதை தேவை” என்று முடித்தார். கைதட்டலும் கிடைத்தது.

பெரியவருக்கு முதலில் பதில். அன்னஜ்ம் சூராவை ஓதுகிறவர்தாம் அவர். லாத், உஸ்ஸா என்பவற்றோடு மூன்றாவதாக மனாத்தின் பெயர் அங்கே வருகிறது. அந்தப் பெயருக்கும் மரணத்தையும் விதியையும் குறிக்கும் ‘மனிய்யா’ என்ற அரபுச் சொல்லுக்கும் உறவு உண்டென்பதை மொழியறிந்தோர் சொல்லுவர். ஆக, ஜாஹிலிய்யா அறபிகளும் விதிக்கும் சாவுக்கும் ஒரு பெண்ணையே வைத்திருந்தார்கள். அல்குர்ஆன் அவளை மறுக்கிறது. ஆனால் பெயர் சொல்லித்தான் மறுக்கிறது. பெயரை உச்சரிப்பதும் உருவைக் கதையில் வரைவதும் வணங்குவதாகிவிடுமென்றால், 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் ஆயிரமசலாவில் கண்ணுக்குத் தெரியாத உலகங்களை எல்லாம் கேள்வி பதிலாகக் கட்டியெழுப்பியதற்கும், ஆலிப் புலவர் மிஃராஜ் மாலை பாடியதற்கும் நாம் என்ன பத்வா கொடுப்பது? அதீத கற்பனை நம் வீட்டுக்கு நேற்று வந்த விருந்தாளியா?

இன்னொன்றையும் அவர் யோசிக்க வேண்டும். அந்தப் பிள்ளை தான் கும்பிடும் ஒருத்தியைப் பற்றி எழுதவில்லை. அடுத்த காம்பராவில் செத்துப்போன ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறாள். செத்தவள் எந்த மொழியில், எந்தப் பெயரைக் கூப்பிட்டுச் செத்தாளோ அதை விட்டுவிட்டு எழுது என்றால், அவளது சாவையே எழுதாதே என்றுதான் அர்த்தமாகும்.

பெரியவரின் கோபத்திலாவது ஒரு நேர்மை இருந்தது. நண்பரின் பாராட்டுத்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

சாண்ட்மேனின் அந்த யுவதி மீது எனக்குக் குறையில்லை. பழைய மாணவன் ஒருவன் கைப்பேசியில் காட்டினான், ஆர்வத்தோடுதான் பார்த்தேன். சாவை ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னே தள்ளி, வீட்டில் அதன் பெயரையே எடுக்கக் கூச்சப்படும் ஒரு சமூகத்துக்கு, மரணத்தை நட்போடு அறிமுகம் செய்துவைப்பது நல்ல காரியமே. ஆனால் தேயிலைக் காட்டுக்கு மரணத்தை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. இங்கே அவளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, கோயில் இருக்கிறது. அவளை “அம்மா” என்று அழைக்கிறார்கள் என்பதைக் கேட்டுத்தான் நண்பர் “இதம்” என்கிறார். அந்தச் சொல்லின் எடையை அவர் அறியவில்லை.

மாரியம்மன் யார்? சனங்கள் சொல்லும் கதையிலே அவளே கொல்லப்பட்டவள். புருஷனின் கட்டளைக்குப் பணிந்து மகன் கையாலேயே தலை வெட்டுண்டு, வேறொருத்தியின் உடம்போடு பொருந்தி எழுந்தவள். அம்மை கண்ட உடம்பின் கொப்புளங்களை “முத்து” என்றார்கள். நோய் என்று வாய் திறந்து சொல்லவில்லை, “அம்மா விளையாடுறா” என்றார்கள். இது அன்பின் மொழியென்று நினைத்தால் பிழை. அடிக்கிற கங்காணியை “ஐயா” என்று கூப்பிட்ட அதே மொழிதான். வேறு வழியில்லாதவன் வலியவளிடம் பேசுகிற மரியாதை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்துவந்த கூட்டம், வழியெல்லாம் பிணங்களைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்த இடத்தில் முத்துமாரிக்குக் கோயில் எடுத்தது. 1980இல் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். திருவிழாவை யாரும் நிறுத்தவில்லை. பயப்பட வேறு காரணங்கள் தோட்டத்தில் மிச்சமிருந்தன.

காட்டேரி இன்னும் கடினமானவள். கர்ப்பிணியையும் பச்சைப் பிள்ளையையும் குறிவைப்பவள் என்று நம்பி, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அவளுக்குப் படைத்துவிடுவார்கள். ஒரு மக்கள் கூட்டம் பிரசவத்துக்கென்றே தனியாக ஒரு சாவுக்காரியை வைத்துக்கொண்டது என்றால், அவர்களது காம்பராக்களில் எத்தனை தாய்மார் விடியுமுன் போயிருப்பார்கள்?

இதெல்லாம் அவர்களுடைய விஷயம், நமக்கென்ன என்று கேட்போருக்கு என் உம்மும்மாவைச் சொல்லுவேன். ஐவேளைத் தொழுகை தவறாதவர். எனக்கு ஏழு வயதில் கொப்புளிப்பான் வந்தபோது யாசீன் ஓதித் தண்ணீரில் ஊதினார். வாசலில் வேப்பங்குலையும் செருகினார். பக்கத்து லயத்துப் பாட்டிதான் குலையைக் கொண்டுவந்து கொடுத்தார். வாப்பா சத்தம் போட்டார். உம்மும்மா, “இல சும்மா கெடக்கட்டும்டா மகன், அல்லாஹ் படைச்ச இலதானே” என்றார். மார்க்கத் தீர்ப்பாக இதைச் சொல்லவில்லை. ஒரே மலையில், ஒரே மழையில், பிள்ளையைப் பறிகொடுக்கப் பயந்த இரண்டு கிழவிகளுக்கிடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

இனி, இந்த மாவட்டத்தில் மரணம் எந்த வேஷத்தில் வருகிறது என்று பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு. ஆசிரியனாகிய எனக்கு அந்தப் படம் மனதைவிட்டுப் போகாது. பல உடல்களைத் தோண்டி எடுக்கவே முடியவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சாவு இரண்டு தடவை கடிதம் போட்டுவிட்டு வந்த இடம் அது! அங்கே வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள் என்று ஒருவர் கதை எழுதினால், கடிதத்தைப் பெற்று மேசைக்குள் வைத்தவர்களைப் பற்றி எந்தப் பக்கத்தில் எழுதுவார்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையோடு பதுளை மலைகள் மறுபடியும் சரிந்தன. நண்பரின் இதமான தேவதைக்கு இந்தப் பக்கம் வேலை அதிகம்.

நமது சமூகத்துக்கும் இது தெரியாததல்ல. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தோரை எரிப்பதைச் சட்டமாக்கினார்கள். அடக்கம் செய்யலாமென்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது எடுபடவில்லை. பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவையும் பொரளையில் எரித்தார்கள். சனங்கள் மயான வாயிற்கம்பியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி நீங்கியது. மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்தக் காலத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா என்னைப் பாதையில் நிறுத்திக் கேட்டார்: “ஏன் மாஸ்டர், நாங்களும் மண்ணுலதான போடுறோம். மண்ணு என்னா பாவம் செஞ்சிச்சு?” தோட்டத்து மக்களிலும் பலர் இறந்தவரைப் புதைக்கிறவர்கள்தாம். எங்கள் துக்கம் அவருக்கு விளக்கம் இல்லாமலே விளங்கியது. அப்போது யாராவது ஓர் எழுத்தாளர் வந்து, மையித்துக்களைத் தேவதை தாலாட்டிக் கொண்டுபோனாள் என்று எழுதியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? நமக்கு வேண்டாத தாலாட்டை அவர்களுக்குப் பாட மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?

மென்மையான மரணம் என்பதே பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்நாஸிஆத் சூரா வன்மையாகப் பறிப்போரையும் இலகுவாகக் கழற்றுவோரையும் முன்வைத்துத்தான் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. அதற்குப் பின்னே விசாரணையும் வருகிறது. நண்பர் கேட்கும் தேவதையிடம் இலகு மட்டும் இருக்கிறது, கேள்விநாள் இல்லை. கழிவு வெட்டியவரும் கழிவு கொடுத்தவளும் ஒரே பச்சை மலைக்குப் போய்ச் சேர்ந்தால், யாரிடம் யார் கணக்குக் கேட்பது?

அந்த மாணவியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் பிறகு மூன்று மாதம் அவள் எதுவுமே எழுதவில்லை என்று அவளது உம்மா சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு நாள் கடைக்குப் போனேன். கதையில் அந்த அட்டைகள் வரும் இடம் உண்மை என்றேன். தலைவாரும் இடமும் உண்மை. மலைக்கு அப்பால் போனது மட்டும் அவசரப்பட்ட முடிவு. கிழவி ஏன் தனியாகக் கிடந்தாள், தோட்டத்து லொறி ஏன் வரவில்லை, அதை அந்தப் பெண் யாரிடமாவது கேட்டாளா என்று கேட்டேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சேர், அவ கேட்டா ஆரு பதில் சொல்லுவாங்க?” என்றாள். அதையே எழுது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதிவிட்டாள். புதிய பிரதியில் அந்தப் பெண் கிழவியைக் கூட்டிப் போகவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு, விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய் நிற்கிறாள், பேர் கூப்பிடும்வரை. பெரியவருக்கு இது முன்னதைவிட அதிகக் கோபத்தைத் தரலாம். நண்பருக்குப் பிடிக்காமலும் போகலாம். கதையை இத்துடன் ஆசிரியருக்கு அனுப்பிவைக்கிறேன். சேலையையும் கூடையையும் வெட்டாமல் அடுத்த இதழில் பிரசுரிக்க முடியுமா என்பதை எனக்கு எழுதினால் போதும். பிள்ளையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.