கார்டை மாத்துறதுக்கு முன்னாடி...

கேம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். மூலையில் 60, 65 என்று ஃப்ரேம் எண் ஓடும். திடீரென்று ஒரு வெட்டு. எண் 20-க்கு விழும், படம் திக்கும், சத்தம் இழுக்கும். மறுபடி படம் நகரும்போது எதிரி சுட்டுவிட்டுப் போயே போயிருப்பான். இரண்டு நாள் இப்படியே தொடர்ந்தால், பொட்டிக்குச் சொந்தக்காரன் மூன்றாம் நாள் அப்பா முன்னால் போய் நிற்பான். "கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுப்பா. புதுசு வாங்கணும்."

கடையில் கேட்டாலும் அதே பதில்தான் வரும். கடைக்காரரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, விற்பது அவர் பிழைப்பு. ஆனால் திறன் போதாத கார்டு முதல் நாளிலிருந்தே மெதுவாகத்தான் ஓட்டும். நேற்று வரை ஒழுங்காக ஓட்டிய அதே கேமை இன்று விட்டு விட்டு ஓட்டுகிறது என்றால், சந்தேகம் முதலில் வேறு பக்கம் போக வேண்டும். ஒரு வீட்டின் இரண்டு மாசச் சம்பளம் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

2022-ல் நடந்ததைப் பாருங்கள். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தே ஆகவேண்டும் என்றது. ஏஎம்டி ரைசன் வைத்திருந்தவர்கள் பயாஸுக்குள் போய் எஃப்டிபிஎம் என்பதை ஆன் செய்தார்கள். அதன் பிறகு பலருடைய பொட்டிகள் எப்போதாவது ஒரு முறை, ஓரிரு நொடி, அப்படியே உறைந்து போக ஆரம்பித்தன. கேம் மட்டுமில்லை, பாட்டு கேட்டால் அதுவும் சேர்ந்து திக்கியது. டிரைவரை மாற்றினாலும் கேமை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் இதற்குப் பலன் இருந்திருக்காது. 2022 மார்ச்சில் ஏஎம்டியே காரணத்தைச் சொன்னது. மதர்போர்டில் உள்ள சின்ன ஃபிளாஷ் மெமரியோடு எஃப்டிபிஎம் நடத்தும் கொடுக்கல் வாங்கல் சில சமயம் நீண்டு போகிறது, அது முடியும் வரை மற்ற வேலைகள் நிற்கின்றன. மே மாதம் முதல் திருத்திய பயாஸ் வந்தது. செலவு ஒரு பைசா இல்லை. (அப்புறமும் 2023-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதே எஃப்டிபிஎம்மைத் திட்டித் தீர்த்தது தனிக்கதை.)

இங்கே துப்பு கொடுத்தது என்ன? கேமுக்கு வெளியேயும் திக்கியது, பாட்டும் சேர்ந்து திக்கியது. கார்டு மட்டும் குற்றவாளி என்றால் பாட்டு ஏன் நிற்க வேண்டும்? டாக்டர் முதலில் "எத்தனை நாளா இருக்கு? எப்பெப்போ வருது?" என்றுதானே கேட்கிறார், எடுத்ததும் ஆபரேஷன் என்று சொல்வதில்லையே. பொட்டிக்கும் அதே கேள்விகள்தான்.

கேம் ஆரம்பித்துப் பதினைந்து இருபது நிமிஷம் ஒழுங்காக ஓடி, பிறகு விழுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சூடு. ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90 டிகிரி, இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. அதைத் தொட்டதும் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டு விமர்சனங்களில் "75 டிகிரிக்கு மேல் போகவில்லை" என்று படித்துவிட்டு வாங்குவார்கள். அவர்கள் சோதித்த அறை 22 டிகிரியில் இருந்திருக்கும். மே மாதம் ஏசி இல்லாத மாடி அறையில் காற்றே 38 டிகிரி. அந்த 16 டிகிரி வித்தியாசம் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு ஒரு வருஷத் தூசியும் ஹீட் சிங்கில் கம்பளி மாதிரி படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையையும் ப்ராசசர் வேகத்தையும் பார்த்துக்கொண்டே, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து விளையாடிப் பார்த்தால் போதும். வெப்பம் இறங்கி வெட்டும் மறைந்தால் காற்றோட்டம்தான் குற்றவாளி. பொட்டியை அணைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊத வேண்டும். பழைய பொட்டி என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்ற வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜர் ஒரிஜினல்தானா என்பதையும் பார்த்துவிடலாம்.

புது இடத்துக்குள் நுழையும்போது, புது வெடிப்பு முதல் முறை தெரியும்போது மட்டும் திக்கி, இரண்டாம் முறை அதே இடத்தில் திக்கவில்லையா? அது ஷேடர் தொகுப்பு வேலை. 2022 டிசம்பரில் 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' கணினியில் இப்படித்தான் திக்கித் திக்கி வந்தது, உடனே பேட்ச் விட்டார்கள். இது கேம் செய்தவர்கள் பாக்கி வைத்த வேலை. அதற்கு வாங்கியவன் எதற்குத் தண்டம் கட்ட வேண்டும்?

இன்னொரு ஏமாற்று, சராசரி எண். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி நொடி. ஒரு நிமிஷத்தில் ஒரே ஒரு ஃப்ரேம் 200 மில்லி நொடி இழுத்தாலும் சராசரி 59.8 என்றுதான் காட்டும். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில்தான் எதிரி சுட்டிருப்பான் :-) சராசரியை விட்டுவிட்டு ஃப்ரேம் நேரத்தைப் பாருங்கள் என்று 2011-லேயே டெக் ரிப்போர்ட்டில் ஸ்காட் வாஸன் எழுதினார். பிரசென்ட்மான், கேப்ஃப்ரேம்எக்ஸ் இரண்டும் இலவசமாக அந்த வரைபடத்தைப் போட்டுக் காட்டும்.

கார்டே காரணமாக இருப்பதும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970-ஐ 4 ஜிபி என்று விற்றார்கள். அதில் கடைசி அரை ஜிபி மிக மெதுவானது என்பது 2015 ஜனவரியில்தான் வெளியே வந்தது. 3.5-ஐத் தாண்டி மெமரி ஏற மறுப்பதை முதலில் கவனித்தது வாங்கியவர்கள்தான், உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள். வழக்கு நடந்து 2016-ல் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் தர என்விடியா ஒத்துக்கொண்டது.

கடைசிச் சோதனை, கார்டைக் கழற்றி நண்பன் பொட்டியில் மாட்டி அதே கேமை ஓட்டுவது. ஒரு டீ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம். அங்கேயும் அதே மாதிரி திக்கினால் அப்புறம் அப்பாவிடம் பேசலாம்.