வாசற்கதவைச் சுரண்டாதீர்கள்

பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கும் நம் கலாரசிகர்களிடையே ஒரு நோய் பரவி வருகிறது. வாசற்கதவில் இரண்டு மூன்று தலைமுறைகளாக ஏறியிருக்கும் வண்ணத்தை முற்றாகச் சுரண்டியெடுத்து, உள்ளிருக்கும் தேக்கின் ரேகைகளை ‘மீட்டெடுப்பது’. பிறகு, பச்சை எனாமல் பூசிய பாமரர்களிடமிருந்து மரபைக் காப்பாற்றிவிட்டதாகப் புளகாங்கிதம் அடைவது. இந்த மரபுப் பற்று மரபையும் அறியவில்லை, மரத்தையும் அறியவில்லை; சுரண்டுகிற மனிதனையோ நினைத்தும் பார்க்கவில்லை.

முதலில் மரபு. பூச்சில்லாத கதவுதான் தமிழ்க்கதவு என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைப் புரட்டட்டும். அங்கே நக்கீரர் காட்டும் அரண்மனைக் கதவு இரும்பால் பிணிக்கப்பட்டு, செவ்வரக்குப் பூசப்பட்டது. அதன் நெடிய நிலையிலும் வெண்சிறுகடுகு அப்பி, நெய் அணிந்திருக்கிறார்கள். இன்றும் நம் வீடுகளில் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுகிறோம். கதவுக்குப் பூசுவதுதான் நம் வழக்கம். வெற்று மரத்தை வழிபடும் ரசனை, நட்சத்திர விடுதிகளின் வரவேற்பறையிலிருந்து இறங்கி வந்தது.

அடுத்து மரம். ‘மரம் மூச்சுவிட வேண்டும்’ என்பது இவர்களுடைய மந்திரம். அறுத்த மரம் மூச்சு விடுவதில்லை; ஈரத்தை உறிஞ்சி, ஈரத்தை விடுகிறது. ஐப்பசி மழையில் கதவு உப்பிக்கொண்டு நிலையில் இறுகுவது இதனால்தான். அதோடு வெயிலின் புற ஊதாக் கதிர், மர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. வெற்று மரம் சாம்பல் நிறமாகிறது. நிறமற்ற வார்னிஷ் அக்கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். நிறமிகள் கலந்த வண்ணப்பூச்சு அதைத் தடுத்து நிறுத்தும். வெயிலும் சாரலும் அடிக்கும் தெருக்கதவுக்குப் பச்சை எனாமல் பூசிய தாத்தா ரசனை கெட்டவர் அல்லர், காரியம் தெரிந்தவர்.

கடைசியாக மனிதன். என் கோபமெல்லாம் இங்கேதான். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் தாராளமாகக் கலந்திருந்தது. பளிச்சென்ற மஞ்சளுக்கும், அதோடு நீலம் சேர்த்துப் பெறும் பச்சைக்கும் ஈயக் குரோமேட். சீக்கிரம் உலர்வதற்கும் ஈயச் சேர்மங்கள். வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியை இந்தியா 2016இல்தான் வெளியிட்டது. 2017 நவம்பர் 1 முதல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எந்தக் கதவையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். அதை உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும்; தீயால் பொசுக்கினால் ஈயப்புகை எழும். அதை மூக்கிலும் வாயிலும் வாங்கிக்கொள்கிறவர் முகத்தில் கைக்குட்டை கட்டிய தினக்கூலித் தொழிலாளி. அவர் சட்டையில் ஒட்டிய தூள் அவர் வீட்டுக்கும் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு இது. பாதுகாப்பான அளவென்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உறுதியாகப் பற்றியிருக்கும் பழைய பூச்சைத் தொடாமல், சோப்புநீரால் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் அதன் மேலேயே புதிய வண்ணம் பூசுங்கள். உரிந்த இடங்களையும், நிலையோடு உரசும் ஓரங்களையும் மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, வேலை முடிந்ததும் தூளோடு சுருட்டிக் கட்டுங்கள். தொழிலாளிக்குத் தூசைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அதுவரை குழந்தைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம். கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பூசாமல் விட்டுவிடாதீர்கள். ஈரம் முதலில் நுழைவது அங்கேதான்.

தேக்கின் ரேகைகளைக் காணாவிட்டால் உறக்கம் வராது என்பவர்கள் புதுத் தேக்கில் ஒரு கதவு செய்து, கூடத்துக்குள் மாட்டிக்கொள்ளட்டும். உங்கள் கண்குளிர்ச்சிக்கு இன்னொருவர் நுரையீரலை விலையாகக் கேட்காதீர்கள்.