புதிய பதிப்பும் பழைய பாமினியும்

உயர்தரம் பயிலும் பிள்ளைக்கென வாங்கிய கணினி, பிள்ளை பல்கலைக்கழகம் சென்ற பின்னரும் வீட்டின் ஒரு மூலையில் உழைத்துக்கொண்டேயிருக்கிறது. நாவிதன்வெளியிலும் கல்முனையிலும் இத்தகைய வீடுகள் பல. அதன் விண்டோஸ் 10 பழையதாகிவிட்டது, புதிய பதிப்புக்கு மாறுக எனத் திரையில் அறிவித்தல் தோன்றியதும், மாற்றுவதா, விடுவதா என்னும் வினா எழுகின்றது. இவ்வாரம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

மாணாக்கர் பாடநூலில் பணிசெயல் முறைமை என்று பயில்வது விண்டோஸ் போன்றவற்றையே. 2015 ஜூலை 29 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. தனியே பதிந்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு மட்டும் ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது. ஆதரவு முடிந்ததும் கணினி நின்றுவிடுமோ என அஞ்ச வேண்டியதில்லை. அது முன்போலவே இயங்கும். நின்றுபோவது, புதிதாகக் காணப்படும் ஓட்டைகளை அடைக்கும் பணியேயாம்.

இது சிறு விஷயமன்று. 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் நாசநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த வழியை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதனை ஏற்காதிருந்த கணினிகளே அகப்பட்டன. இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பலவற்றில் சிகிச்சைகளை ஒத்திவைக்க நேர்ந்தது. ஆதலின், இணையத்தோடு இணைந்த கணினியை ஆதரவின்றி நெடுங்காலம் வைத்திருத்தல் தகாது.

ஆயினும், எல்லாக் கணினியும் விண்டோஸ் 11 ஐ ஏற்பதில்லை. 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் போதுமெனினும், ரீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்ரெல் ஆயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும் வேண்டும். தகுதியை அறியும் சிறு செயலியொன்றை மைக்ரோசொப்ட் இலவசமாகவே தருகின்றது. தகுதியற்ற பழங்கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச முறைமைகள் உண்டு. கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் அவை தாராளமாகப் போதும்.

இனி, நம் வீடுகளுக்குரிய முக்கிய விஷயத்துக்கு வருவோம். பதிப்பை உயர்த்துவதில் இரு வழிகள் உள. ஒன்று, உள்ளவற்றை அப்படியே வைத்துக்கொண்டு மேலேறுவது. மற்றையது, யாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது. பேச்சுவழக்கில் 'விண்டோஸ் அடித்தல்' என்பது பெரும்பாலும் இதுவே. இவ்வழியில் 'சி' என்னும் பகுதி வெறுமையாக்கப்படும். திரையின் முகப்பில் வைத்த படங்கள் அந்தச் 'சி'யினுள்ளேயே இருக்கின்றன என்பதைப் பலர் அறியார். எழுத்துருக்களும் அவற்றோடு போய்விடும்.

எழுத்துருப் போனால் என்ன எனலாம். நம் பிரதேசத்தில் ஆண்டுக்கணக்காகக் கலியாண அழைப்பிதழும், பாடசாலை மலரும், கோயில், பள்ளிவாசல் கணக்கும் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதப்பட்டன. பாமினியில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருக்கின்றன. நாம் 'தமிழ்' என்று காண்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளே. எழுத்துரு இல்லையேல் வாப்பா எழுதிய குடும்ப வரலாறும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அது கண்டு, கோப்பு கெட்டதென்று அழித்துவிடுவோரும் உளர். அழிக்கற்க! பாமினியை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

நிலையான பரிகாரம் யூனிகோடுக்கு மாற்றுவதே. 1991 இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் அதற்கேயுரிய எண் உண்டு. 'அ' என்பதன் எண் 2949. அவ்வெண் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியதன்று. ஆதலின் விண்டோஸாயினும் லினக்ஸாயினும் கைத்தொலைபேசியாயினும் 'அ' 'அ'வாகவே நிற்கும். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் வரிவரியாக ஒப்புநோக்குதல் அவசியம். இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் தவறாகத் தமிழாக மாறிவிடக் கூடும்.

முதலில் பிரதி, பின்னரே பதிப்பு என்பதை விதியாகக் கொள்வோம். எழுத்துருவையும் சேர்த்து இரு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றையதை வேற்றூர் உறவினரிடமும் வைத்தல் நன்று. எத்தனையோ மாரிகளில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவியதை அறிவோம். 2004 டிசெம்பர் 26 இல் கடல் புகுந்தபோது, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கலியாணப் படமும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் இக்கரையில் அநேகம். ஒரே இடத்தில் வைத்த பொருள் ஒரே நாளில் போகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பிரதி எடுத்தபின், மின்சாரம் தடைப்படாத நாளொன்றில் வேலையைத் தொடங்கலாம். மாணாக்கர் வரும் விடுமுறையில் வீட்டிலுள்ள பாமினிக் கோப்புகளைத் தேடியெடுத்து, மூத்தோரை அருகில் இருத்தி, அவர்கள் வாசிக்கக் கேட்டுத் திருத்துவார்களாக. கணினிப் பயிற்சியோடு குடும்ப வரலாறும் கைகூடும்.