கோகோலின் வணிகர்களை யாரும் பேசுவதில்லை



ருஷ்ய இலக்கியம் என்றதும் "அதிகாரிகள் எல்லாம் இலஞ்சப் பேய்கள், சனங்கள் பாவம்" என்று நம்மவர்கள் பதிவு போட்டுவிடுகிறார்கள். இதை நாம் ஏற்கமாட்டோம். கோகோலின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' நாடகத்தை இவர்கள் பாதியிலேயே மூடிவைத்துவிட்டார்கள் போலும்.

1836இல் மேடையேறிய அந்த நாடகத்தில் அதிகாரிகள் ஊழல்காரர்கள்தான். வேட்டைநாய்க் குட்டி வாங்குவது இலஞ்சமாகாது என்கிறார் நீதவான். தபாலதிபர் ஊரார் கடிதங்களை உடைத்து வாசிக்கிறார். சரி, வணிகர்கள்? நகரத் தலைவருக்கு எதிராக முறைப்பாடு செய்ய வருகிறவர்கள் வைனும் சீனியும் சுமந்துகொண்டல்லவா வருகிறார்கள்! முறைப்பாட்டுக்கே கைக்கூலி. ஐந்தாம் அங்கத்தில் நகரத் தலைவர் அவர்களைப் பிடித்து உலுக்குகிறார். 100 ரூபிள் மரம்கூடப் போகாத பாலத்துக்கு 20,000 ரூபிள் கணக்கெழுத உதவியது யார் என்று கேட்கிறார். மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பாலத்தின் மேல் நடக்கப்போகிற சனங்களைப் பற்றி இரு தரப்புக்கும் கவலையில்லை.

அதே நாடகத்தில் பாடசாலைகளுக்குப் பொறுப்பான லுகா லுகிச் என்றொருவர் இருக்கிறார். தன்னைவிட ஒரு படி மேலே உள்ளவர் பேசினாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர்களான நமக்கு இவரைப் பார்த்து முழுதாய்ச் சிரிக்க முடிவதில்லை.

இந்தப் பயம் அவரது பிறவிக் குணமல்ல. 1722இல் மகா பீட்டர் அரச சேவையை 14 தரங்களாக வகுத்தார். 'மேலங்கி' கதையின் அக்காக்கி ஒன்பதாம் தரத்தவர், ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். களவுபோன அங்கிக்காக உதவி கேட்டுப் போனவரை அதட்டி விரட்டும் 'முக்கியப் புள்ளி'யும் அடிப்படையில் நல்ல மனிதர்தான். பதவி உயர்வுதான் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. 1883இல் செகோவ் எழுதிய கதையில் ஜெனரல் தும்மலை மன்னித்துவிடுகிறார். குமாஸ்தாவோ விடாமல் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவரைக் கத்தவைத்து, வீட்டுக்கு வந்து செத்துப்போகிறார்.

"அதிகாரம் அவர்கள் கையில்தானே, பழியும் அவர்களுக்குத்தான்" என்பீர்கள். பெரும்பங்கு அவர்களுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரியை மட்டும் கேலி செய்வதால் ஆட்சிக்கு ஒரு நட்டமுமில்லை. முதல் மேடையேற்றத்துக்கு சார் மன்னர் முதலாம் நிக்கலாயே வந்து சிரித்துவிட்டுப் போனார். அந்தத் தர அட்டவணை 1917 வரை இருந்தது.

அடுத்த பதிவு போடும் சகோதரர்கள் ஐந்தாம் அங்கத்தையும் வாசித்துவிட்டு வரட்டும். பாலத்துக் கணக்கைப் பற்றி அப்போது பேசுவோம்.